பார்வதிப்பிள்ளையின் கண்ணும் மூன்று கமராவும்

“இதையும் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்!”

கொழும்பிலிருந்து வந்த கடித உறையைக் குலசிங்கம் மேசையில் அடித்தார். உள்ளே அவர் மனைவி பார்வதிப்பிள்ளையின் பாஸ்போட் படம். இரண்டு கண்ணும் இறுக மூடியபடி.

லண்டனில் மகள் சறோஜினிதேவிக்கு அடுத்த மாதம் தலைப்பிள்ளை. தாய் பக்கத்தில் நிற்கவேண்டும். தாய் போகப் படம் வேண்டும். படத்தில் கண் திறந்திருக்கவேண்டும்.

“ஸ்டூடியோவில எடுப்பமே?” என்றார் பார்வதிப்பிள்ளை.

“சரவணை ஊர் முழுக்கப் படம் பிடிக்கிறவன்ர பெண்சாதி ஸ்டூடியோவுக்குப் போறதோ? பிழை கமராவில!”

கமராவில் பிழை பிடிப்பது அவருக்குப் புதிதல்ல. ஐம்பத்தாறில் கலியாணம் கட்டியபோது அவர் இங்கிலிசு ‘பிரிட்டோ’ பெட்டிக் கமராவின் பரம பக்தர். “சமயம் மாறினாலும் மாறுவன், பிரிட்டோ மாறன்” என்று சாட்டிக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் பண்ணியவர். அங்கே எடுத்த புதுப்பெண்ணின் படத்தில் கண் மூடியிருந்தது. அடுத்த கிழமை பிரிட்டோ கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்கப் போனது.

பிறகு ஜேர்மன் ‘ஹைன்ஸ்மான்’. அதைக் கழுத்தில் போட்டபடியே குளித்தார். வீட்டில் வளர்த்த நாய்களுக்கெல்லாம் வரிசையாக அதே பெயரை வைத்தார். யப்பான் கமராவை யாராவது புகழ்ந்தால், “அது பிள்ளையள் விளையாடுற சாமான்” என்று துப்பினார். இருபது வருசமாக ஹைன்ஸ்மான் ஊர் மாட்டையும் ஆட்டையும், மண்கும்பான் கரையில் செத்துக்கிடந்த சுறாவையும்கூடக் கண் திறந்தபடி பிடித்தது. பார்வதிப்பிள்ளையை மட்டும் பிடிக்கவில்லை.

கடிதம் வந்த அன்றே ஊர்காவற்றுறைக்கு ஓடினார். ஹைன்ஸ்மானைக் கொடுத்துவிட்டு யப்பான் ‘நிசாக்கா’வோடு திரும்பினார்.

“கண் இமைக்க முந்திப் பிடிச்சுப்போடும்! ஜேர்மன்காரனுக்கு என்ன தெரியும்?”

முற்றத்தில் கிடந்த நாய் எழும்பி வெளியே போனது.

நெய் விற்க வரும் நெடுந்தீவு றோசம்மாவை வரும்போதெல்லாம் மறித்து, பார்வதிப்பிள்ளைக்குப் பின்னால் வெள்ளை வேட்டியொன்றை விரித்துப் பிடிக்கச் சொன்னார். கமராவைத் தூக்கினார். அமத்தினார். படம் கழுவி வந்தது. கண் மூடியிருந்தது.

“சொல்லிப்போட்டு எடுத்தால் சரி. மூண்டு எண்ணுவன்.”

எண்ணினார். இந்தமுறை கண் மூடி, வாய் அரைவாசி திறந்திருந்தது.

“மூண்டு காணாது. பத்து!”

பத்து எண்ணிய படத்தில் கண் மூடி, வாய் திறந்து, முகம் ஆகாயத்தைப் பார்த்து, கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரும் நின்றது.

“இஞ்சேரும்! நான் எண்ணுறன், நீர் என்ன நித்திரை கொள்ளுறீரே?”

“எனக்கென்ன தெரியும்? உங்கட கமராவைக் கேளுங்கோ.”

“பிள்ளை பிறந்து தவண்டு, எழும்பி நடந்து வந்து கூட்டிக்கொண்டு போனாத்தான் நீர் லண்டன் பாப்பீர்!” குலசிங்கம் நிசாக்காவைக் கதிரையில் வைத்தார். “யப்பானை நம்பினன் பார். இனி ரஷ்யாதான். அவன் சந்திரனையே படம் பிடிச்சவன். இருபது எண்ணி எடுக்கிறன்!”

அடுத்த படத்துக்கு விரித்த வேட்டிக்குப் பின்னாலிருந்து றோசம்மா தலையை நீட்டினாள்.

“அண்ணை, நேர்த்தியை வெளியில சொன்னால் பலிக்காதெண்டுதான் இவ்வளவு நாளும் பேசாமல் நிண்டனான். பின்னால நிக்கிற எனக்குக் கேக்கும், நீங்கள் கமராவைத் தூக்க, அக்கா வாய்க்குள்ள நயினாதீவு அம்மாளை மண்டாடத் தொடங்கிறா, ‘தாயே, இந்தப் படத்திலையாவது என்ர கண் திறந்திருக்கவேணும்’ எண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.”