கெருசி அண்ணனின் ஓட்டு

பினாங்குத் தீவில் காற்பந்தை அவரளவுக்கு நேசித்தவரும் கிடையாது, அவரளவுக்குப் புரிந்துகொள்ளாதவரும் கிடையாது. எங்கள் கிளப்புக்கு அத்தனை வருடம் தலைவராக இருந்தார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால், அந்த ஆளுக்கும் தம் குடும்பத்துக்கும் ஏதோ பழைய பகை என்றுதான் நினைப்பார். "எங்க அப்பா உங்க அப்பாவை என்னடா செஞ்சாரு?" என்று கோட்டோரமாகக் கூடவே ஓடிக் கேட்பார். லைன்ஸ்மேன் சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் இதைத் தமிழில்தான் கேட்பார்.

அவருடைய உண்மைப் பெயர் கிளப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் கெருசி அண்ணே. கெருசி என்றால் மலாயில் நாற்காலி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபிஸில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர், சனிக்கிழமை மத்தியானமானால் வீட்டுப் பிரம்பு நாற்காலியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு திடலுக்கு வந்துவிடுவார். "சேர்மன்னா சேர் இருக்கணும்லா" என்பது அவர் சொன்ன காரணம். ஒரு தடவை சூலியா தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, வெயிலில் களைத்துப்போன வெள்ளைக்காரர் ஒருவர் இதை ஊர் ரிக்‌ஷாவின் புது மாடல் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கவனிக்கவில்லை. வண்டி ஏன் இப்படி இழுக்கிறது என்று திட்டிக்கொண்டே திடல் வரை ஓட்டி வந்தார். அந்த வெள்ளைக்காரர் முழு ஆட்டத்தையும் பார்த்தார், எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார், எங்களோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ரொட்டி சானாய் என்றதும் நினைவு வருகிறது. மற்ற கிளப்புகளில் இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை கொடுப்பார்கள். எங்கள் அண்ணன் கொடுப்பது பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், பருப்புக் கறி, மேலே நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ. "பசியோட எப்படிடா ஓடுவீங்க?" என்பார். சாப்பிட்ட பிறகு ஓடவே முடியாது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. இரண்டாவது பாதியில் கோல் வாங்குவது எங்கள் கிளப்பின் பாரம்பரியமாகிப் போனதற்கு அந்தப் பருப்புக் கறிதான் காரணம்.

நான் அப்போது மாற்று கோல் கீப்பர். அதாவது, ஒரு ஆட்டத்திலும் ஆடாதவன். அதனால் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்துப் புல்தரைதான் எனக்கு நிரந்தர இடம். பெனால்டி என்றால் அண்ணன் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். நடப்பதை நான் சொல்ல வேண்டும்.

"என்னடா ஆச்சு?"

"இன்னும் அடிக்கலண்ணே."

"ஏன் அடிக்கல? காலு வலியா?"

"பந்தை வைக்கிறாங்கண்ணே."

"இவ்வளவு நேரமா வைப்பாங்க? முட்டையா அது?"

எங்கள் ஆள் தவறவிட்டால் அண்ணன் திரும்பவே மாட்டார். பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவதை அவரால் பார்க்க முடியாது. ஆட்டம் முடிந்து ஒவ்வொருத்தனையும் கட்டிப் பிடித்து, "ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலடா" என்பார். ரெஃப்ரி எந்தத் தப்பும் செய்யாத நாளிலும் அதேதான்.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் கிளப்பைத் தலைகுனிய வைத்தார்.

அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் லீக்கில் இருப்போம், இல்லையென்றால் கீழே போய்விடுவோம் என்ற நிலை. கேப்டன் அந்தோணி. ஒல்லியாக, ஏப்ரல் வெயிலில் காய்ந்த கொம்பு மாதிரி இருப்பான், பந்து காலில் பட்டால் மட்டும் வேறு ஆள். அவனுடைய அப்பா ஒரு கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரர். சனிக்கிழமை லீவு கிடையாது, மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. அன்று காலையில் கெருசி அண்ணன் அந்தக் கிடங்குக்குப் போனார். "நீங்க போய் புள்ளை ஆடறதைப் பாருங்க, நான் ஜாகா பார்க்குறேன்" என்று சொல்லி, பிரம்பு நாற்காலியைக் கேட் முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் இல்லாமலேயே ஆட்டம் நடந்தது.

கடைசி நேரத்தில் அந்தோணி தூரத்திலிருந்து ஒரு பந்து அடித்தான். அது அப்படியொன்றும் வேகமில்லை. எதிரணி கோல் கீப்பர் குனிந்தார், பந்து அவர் கைகளுக்கு நடுவே புகுந்து, வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. திடலே எழுந்து நின்றது. அந்தோணியின் அப்பா காவல்காரச் சீருடையோடு வேலியைத் தாண்டி ஓடி வந்து மகனைத் தூக்கிச் சுற்றினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நிறுத்தி, "என் மவன் அடிச்ச கோல்லா" என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

சில மாதத்தில் எல்லாம் வெளியே வந்தது. பந்தை விட்டுக்கொடுத்தால் தம் ஆபிஸில் வேலை வாங்கித் தருவதாக அந்த கோல் கீப்பருக்குக் கெருசி அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். வாங்கித் தர முடியவில்லை. ஏமாந்த கோபத்தில் கோல் கீப்பர் போய் உண்மையைக் கொட்டிவிட்டார். கையூட்டைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத மனிதர்! விசாரணையில் அண்ணன் எதையும் மறுக்கவில்லை. "நான்தான் செஞ்சேன். பையனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். லீக் அவருக்கு ஆயுள் தடை போட்டது. கிளப்பும் சில வருடம் ஆட முடியாமல் போனது. பையன்கள் சிதறினார்கள். அந்தோணிக்கு மாநில அணித் தேர்வுக்கு வந்திருந்த அழைப்பும் அதோடு போனது. அவன் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். கெருசி அண்ணன் தம் மகளோடு கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார். ஆயுள் தடை என்றால் பாலத்தைத் தாண்டியே வரக்கூடாது என்று அவராகவே அர்த்தம் செய்துகொண்டார் போலிருக்கிறது.

இப்போது கிளப் மறுபடி நடக்கிறது. அந்தோணிதான் பயிற்சியாளர், தலை நரைத்துவிட்டது. நான் செயலாளர், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். இந்த வருடம் ஆண்டு விழா ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மல்லிகா அக்கா ஒரு குண்டைப் போட்டார்.

மல்லிகா அக்கா எங்கள் ரசிகர் கூட்டத்தின் தலைவி. அவர் குரல் கொடுத்தால் எதிரணிக்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். "கெருசி அண்ணனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தணும். அவரு போட்டோவை கிளப் ரூம்ல மாட்டணும்" என்றார்.

"திருட்டு கோல் வாங்குன ஆளுக்கா?" என்றான் அந்தோணி.

அவ்வளவுதான், வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது. ஒன்று 'கிளப் குடும்பம்'. இன்னொன்று 'கிளப் குடும்பம் ஒரிஜினல்'. செயலாளர் என்ற முறையில் இரண்டிலும் இருந்தேன், இரண்டிலும் திட்டு வாங்கினேன். புருஷன் ஒரு குழு, பெண்டாட்டி ஒரு குழு என்று ஆன வீடுகளில் சாப்பாடு பரிமாறுவது சைகையில் நடந்தது. வழக்கமான கோப்பிக் கடையில் ஒரே நீள மேசையில் உட்காருபவர்கள் எதிரெதிர் மூலைக்குப் போனார்கள். கடைக்காரச் சீனர் ஆர்டர் எடுக்க வந்தால், "நீங்க எந்தப் பக்கம்?" என்று அவரையே கேட்டார்கள். அவர் பொதுவாக, "கோப்பி ஓ?" என்று, பால் சேர்க்காத கோப்பியா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொல்வதுதான் வேடிக்கை.

"அந்தோணி அப்பாவுக்காகத் தன் மேட்சையே விட்டுட்டு ஜாகாவா உக்காந்தாருலா அந்த மனுசன்!" என்பார் மல்லிகா அக்கா.

"ரிசல்ட் தெரிஞ்சவன் எங்க உக்காந்தா என்ன?" என்பார்கள் எதிர்ப்பக்கம்.

"வயித்துப் புள்ளையோட நின்னப்ப தன் கெருசியை எனக்குக் குடுத்துட்டு மேட்ச் முடியுற வரைக்கும் நின்னாரு. நீங்க யாராச்சும் எழுந்தீங்களா?"

இதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் கோப்பிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும். அந்தோணி மட்டும் ஒரு நாள் என்னைத் தனியாகப் பிடித்து மெல்லச் சொன்னான். "அப்பா அந்த கோலைப் பத்தித் தெரு பூரா சொன்னாரு. விஷயம் தெரிஞ்சதும் அதைப் பத்தி வாயே திறக்கல. சாகுற வரைக்கும் திறக்கலடா. எனக்குத் தேர்வு போனது பெருசில்ல. அவருக்கு இருந்தது அந்த ஒரு கோல்தான்."

நான் அவன் தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விடுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்தபின், மாதா கோயில் பின்னால் உள்ள மண்டபம். செயலாளருக்கு ஓட்டு கிடையாது என்ற விதியை அன்று காலை பல் விளக்கும்போது நானே உருவாக்கியிருந்தேன். கை தூக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் எண்ணினேன், அந்தப் பக்கம் எண்ணினேன். சமம். இரண்டு பக்கமும் நம்பவில்லை. மறுபடி எண்ணினேன். மறுபடியும் சமம்.

"இப்ப என்ன செய்யுறது?" என்று நான் நெற்றியைத் துடைத்தபோது, பின்வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் எதிர்த்து ஓட்டு போடுறேன்."

திரும்பிப் பார்த்தோம். கதவோரம் கெருசி அண்ணன் நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை, மற்றக் கை மேலே தூக்கியபடி. மகளின் போனில் குழுச் சண்டையைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஃபெரி ஏறி வந்திருக்கிறார்.

முதலில் கத்தியது மல்லிகா அக்காதான். "அண்ணே, கையை இறக்குங்க! உங்க ஓட்டு செல்லாது! நீங்க மெம்பரே இல்ல!"

இரண்டு மாதமாக இவரைக் கிளப்பின் உயிர் என்று சொல்லி அழுதவர் அவர். உடனே எதிர்க்கோஷ்டி பொங்கி எழுந்தது. "ஏன் செல்லாது? அவரு நம்ம பழைய மெம்பர்! அவருக்கு உரிமை இருக்கு!" இந்த ஆள் திடல் பக்கம் காலை வைக்கக்கூடாது என்று போன வாரம் எழுதியவர்கள் இவர்கள். கெருசி அண்ணனை வேண்டுமென்றவர்கள் வெளியே போகச் சொன்னார்கள், வேண்டாமென்றவர்கள் உள்ளே வரச் சொன்னார்கள். மண்டபம் மீன் சந்தையாகிவிட்டது. அண்ணன் மட்டும் தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"அண்ணே, ஏன் எதிர்த்துப் போடுறீங்க?" என்று கேட்டேன். கூட்டம் அடங்கியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தோணியைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு நான் எதுவும் செய்யாம இருந்திருந்தாலும் நீ அடிச்சிருப்படா தம்பி. மூணு பேரைத் தாண்டி வேற பந்து கொண்டு வந்திருப்ப. நான்தான் நம்பல. நீங்கல்லாம் தோத்துட்டு வர்றதைப் பார்க்கணுமேன்னு பயந்துட்டேன். எல்லாம் வெளிய வந்தப்புறம் உங்க அப்பாவை ஒரு தரம் மார்க்கெட்ல பார்த்தேன். அவரு சிரிச்சாரு. நான் வேற பக்கம் நடந்துட்டேன். எனக்கு எதுக்குடா பொன்னாடை?"

மல்லிகா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தோணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சிரித்தார் என்பது அவனுக்குப் புதிய செய்தி. அவன் கண்ணைத் துடைத்ததை எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தோம்.

"அந்தோணி," என்றேன், "நீதான் சொல்லணும். அவரு மெம்பரா, இல்லியா?"

அவன் இன்னும் இறங்காத அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"தடை போட்டது லீக். கிளப் அவரை நீக்கவே இல்லியே. மெம்பர்தான். ஓட்டு செல்லும்."

தீர்மானம் தோற்றது. பொன்னாடை இல்லை, போட்டோ இல்லை. எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள், ஆனால் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. தோற்றுப்போன மல்லிகா அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மெம்பராம்லா! கேட்டீங்களா, மெம்பராம்!" என்று பக்கத்தில் இருந்த எல்லாரையும் உலுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் பிளாஸ்டிக் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். பட்டர்வொர்த்தில் வாங்கிய வடை, எண்ணெய் கசிந்திருந்தது. பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தயங்கித் தயங்கி அந்தோணியிடம் போனார்.

"அப்ப, சனிக்கிழமை மேட்ச் பார்க்க வரலாமாடா?"

"மெம்பருக்கு யாருண்ணே பெர்மிஷன் குடுக்கணும்?" என்றான் அந்தோணி, வேறெங்கோ பார்த்தபடி. "வாங்க, கெரேத்தா வெளியில நிக்குது. ஃபெரி ஜெட்டில விடுறேன்."

இருவரும் காரில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எதுவும் பேசவில்லை என்று அந்தோணி சொல்கிறான். ஜெட்டிக்குப் போய்வர அவனுக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று என்று அவன் மனைவி சொல்கிறாள்.

இரண்டு குழுக்களும் இன்னும் ஒன்றாகவில்லை. சண்டையும் ஓயவில்லை. அண்ணன் செய்தது தப்புத்தான், அதை அவரே கை தூக்கிச் சொல்லிவிட்டார். இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டத்தைத் தொடங்க ரெஃப்ரி விசிலை வாயில் வைக்கும்போது, "இருங்க சார், ஷூ கயிறு அவிழ்ந்துபோச்சு" என்று எங்கள் பையன் யாராவது குனிவான். எதற்குக் குனிகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் வரும் ஃபெரி இன்னும் வந்து சேரவில்லை.