மாமனார் வைத்த செடி

செடியின் கடைசி இலையும் உதிர்ந்திருந்தது. ருத்திலியோ வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மெக்சிகோவின் பாலைவன நகரமான எர்மோசில்யோவின் ஜூன் வெயிலில் உட்காருவதே ஒரு வேலை.

குவாய்மாசில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது மாமியார் எதுவிகெஸ் ஒன்றுதான் சொன்னாள். "அவர் வச்ச செடி, மாப்ள. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திடாதீங்க."

பாலைவனத்துச் செடி. மழையைக் கேட்காது. ஊதாப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். கோடையில் வாடுவது அதன் குணம். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளைக்கு மனசு கேட்குமா? தினமும் தண்ணீர் ஊற்றினான். இலை மஞ்சளாயிற்று. எரு வைத்தான். இலை கொட்டிற்று.

சாயங்காலம் போன் வந்தது.

"செடி எப்படியிருக்கு, மாப்ள?"

"ஜோரா இருக்கு அத்தை. பூத்துத் தள்ளுது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வண்ணத்துப்பூச்சி?"

"மொய்க்குது."

"சரி. நாளைக்கு வந்து பார்க்கறேன்."

மனைவி மரிசேலா தலையில் அடித்துக்கொண்டாள். "பாதி புளுகியிருந்தா அம்மா அங்கேயே இருந்திருப்பாங்க."

மழை வரும்வரை அந்தச் செடி கிடைக்காது என்று நாற்றுக்கடையில் கைவிரித்துவிட்டார்கள். மாதா படத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பூக்களை எடுத்துக் கிளைகளில் கட்டினான். வண்ணத்துப்பூச்சிக்காகச் சர்க்கரைத் தண்ணீர் தெளித்தான். குளவிகள் வந்தன.

மறுநாள் மாமியார் பெட்டியைக்கூட வைக்காமல் நேராகச் செடியிடம் போனாள். குளவியை விரட்டிவிட்டு ஒரு பூவை இழுத்தாள். அழுகிய வேரோடு மொத்தச் செடியும் கையில் வந்துவிட்டது.

ருத்திலியோவுக்கு அழுகையே வந்தது. இந்த வயதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கே போய்க் குடியிருப்பது? "தப்பு என்னுதுதான் அத்தை. நாங்க வேற வீடு பார்த்துக்கறோம்."

மாமியார் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் உள்ளே போனதை உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மருந்துக்கடைக்காரி ஒஃபேலியா அவருக்கு ஆசையாக் கொடுத்த செடி இது. புடுங்கிப் போட்டா பொண்ணுங்க காரணம் கேப்பாங்க. அவர் கண்ணை மூடினதுலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம, எப்படா சாகும்னு பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க எதை ஊத்தி முடிச்சீங்க, மாப்ள?"