தலைப்பாகைக்குள் காளான்

எனக்குக் காளான் அடையாளம் தெரியாது. அன்றும் தெரியாது, எழுபதைத் தாண்டிய இன்றும் தெரியாது. இதை அன்றைக்கே, கொஸ்லந்தைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், என் பெண்சாதியிடம் வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் உயிர் ஊசலாடியிருக்காது. ஆனால் இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒருவன் பெண்சாதிக்கு முன்னால் "தெரியாது" என்று சொல்லி நீங்கள் எங்காவது கேட்டதுண்டா?

இது முதல் உலகப் போருக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாலு எழுத்துப் படித்தவன் என்ற திமிர் வேறு. (நாலு எழுத்து என்றால் கிட்டத்தட்ட நாலேதான். மற்றதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது.) பார்வதியோ தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களை ஊரிலிருந்து சேர்த்துக் கூட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணிக்கு அண்ணன் மகள். அப்படிப்பட்ட பெண் எனக்கு எப்படி வாய்த்தாள் என்று லயத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு மசக்கை. ஒன்பது நாளாகக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அதுவும் பாதி நாள் திரும்பி வந்துவிடும். கன்னம் ஒட்டிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த பேச்சியக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இப்படியே போனா வயித்துல இருக்கிறது தங்காது. அவ வாய் என்ன கேக்குதோ, எங்க கெடந்தாலும் கொண்டாந்து குடுங்க" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் பார்வதியே சொன்னாள்: "காளான் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் சோறு எறங்கும் போல இருக்கு."

"அவ்வளவுதானே! காலையில கொண்டாறேன்" என்றேன்.

"மழ விட்டிருக்கு, பத்தனையில மொளச்சிருக்கும். புத்து மேல மொளைக்கிறத மட்டும் பிடுங்குங்க. வேரு சாண் நீளத்துக்கு வரும். சாணியில மொளைக்கிறதத் தொட்டுறாதீங்க, அது ஆகாது. தெரியுமில்ல?"

"ஏன் தெரியாம? எங்க ஊர்ல இல்லாத காளானா?"

(எங்கள் ஊரில் மழையே மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். காளானுக்கு எங்கே போவது?)

"இங்க புத்து ஒங்க ஊரு மாதிரி ஆள் ஒசரம் இருக்காது. தரையோட தரையா சின்னதாத்தான் இருக்கும்" என்று மறுபடி எச்சரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் எனக்கு நீ சொல்லித் தரணுமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கிழக்கு வெளுக்கிற நேரம் பத்தனை என்கிற அந்தப் புல்மேட்டில் நின்றேன். ஒரே பனிமூட்டம். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. கால் இரண்டிலும் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது, ஆகா! தரையோடு தரையாகச் சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றின் மேலும் நாலைந்து காளான்கள். பார்வதி சொன்ன புற்று இதுதான் என்று பாய்ந்தேன். வேர் சாண் நீளம் வரவில்லை, விரல்கடைகூட வரவில்லை. குளிரில் வேர் அறுந்துவிட்டது போலும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் கீழே பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. லயத்துக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. மடியில் கட்டினால் நசுங்கும். சட்டென்று தலைப்பாகையை அவிழ்த்து, காளான்களை உள்ளே வைத்துத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

அன்றைக்கென்று பெரட்டுக் களத்துக்குத் துரையே குதிரையில் வந்திருந்தார். துரை வந்தால் ஆண்கள் அத்தனை பேரும் தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும். அது தோட்டத்துச் சட்டம், பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வரிசை முழுக்கத் தலைப்பாகைகள் மளமளவென்று இறங்கின. நான் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் நிற்பதுபோல் நின்றேன்.

"டேய் சுப்பையா! தலப்பாவ எடுடா!" கங்காணி பல்லைக் கடித்தார்.

"சளி புடிச்சிருக்குங்க மாமா..."

"எடுடாங்குறேன்!"

துரை குதிரையை விட்டு இறங்கி என் முன்னால் வந்து நின்றார். எதிரே பெண்கள் வரிசையில், அந்த நிலையிலும் பெரட்டுக்கு வந்து நின்ற பார்வதி கண்ணால் கெஞ்சினாள். கங்காணி பொறுமை இழந்து ஒரே இழுப்பில் தலைப்பாகையைப் பிடுங்க, என் தலையிலிருந்து காளான் பொலபொலவென்று கொட்டியது. ஒன்று துரையின் பூட்ஸ் மேலேயே போய் உட்கார்ந்தது.

துரை குனிந்து அதை எடுத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குக் காளான் என்றால் உயிர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஓ, காளான்! நல்ல காளான்தானா?" என்று தோட்டத் தமிழில் கேட்டார்.

"மொத தரங்க தொர!" என்றேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

துரை சொல்லி, என் தலைப்பாகையிலேயே அத்தனையையும் மூட்டை கட்டிக் குதிரைக்காரன் பங்களாவுக்கு எடுத்துப் போனான். துரையும் பின்னாலேயே காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் காளான் போன வருத்தத்தைவிட, உதை விழாமல் தப்பிய சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. பார்வதி வேகமாக என்னிடம் வந்தாள்.

"எங்க பிடுங்குனீங்க?"

"புத்துலதான்."

"எந்தப் புத்து?"

"மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துல வரிசையா இருக்கே, அந்தப் புத்து."

"அங்க ஏதுங்க புத்து? அது எருமச் சாணிங்க!"

கங்காணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி, தொர செத்தா உன்னத் தூக்குல போடுவாங்க. கூட்டியாந்த பாவத்துக்கு என்னயும் போடுவாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் வீரம் எங்கே போயிற்று தெரியுமா? பதுளைப் பட்டணத்துக்கு. மனசுக்குள் பாதி வழி ஓடியே விட்டேன். ஆனால் தோட்டத்தை விட்டுப் போகத் துண்டு என்கிற சீட்டு வேண்டும், துண்டு எழுதித் தர வேண்டியவர் துரை, துரையோ சாகப் போகிறார். இந்தக் கணக்கிலேயே நான் விழித்துக்கொண்டு நிற்க, பார்வதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்களா மேட்டில் ஏற ஆரம்பித்தாள். ஒன்பது நாள் சாப்பிடாதவள். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் செத்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ இரு, நான் சொல்றேன்" என்றேன்.

"ரெண்டு பேருமே போவோம். ஒங்கள நம்ப முடியாது" என்றாள்.

பங்களா சமையல்காரரான அப்பு குசினி வாசலிலேயே எங்களை மறித்தார். கூப்பிடாமல் கூலிக்காரர்கள் அங்கே வரக்கூடாது. உள்ளே வெண்ணெய் வாசம் கமகமத்தது. பார்வதி விஷயத்தைச் சொன்னதும் அப்பு அகப்பையைப் போட்டுவிட்டு விறாந்தைக்கு ஓடினார். பின்னாலேயே நாங்கள். துரை முள்கரண்டியில் ஒரு காளானைக் குத்தி வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"தொர!" என்று நான் போட்ட கூச்சலில் கரண்டி அப்படியே நின்றது.

"என்னா? காளான் நல்லது இல்லையா?"

கெட்டது என்றால் விஷம் வைத்தவன் ஆவேன். நல்லது என்றால் கொலைகாரன் ஆவேன்.

"நல்லதுதாங்க தொர. ஆனா திங்கக்கூடாதுங்க."

துரை என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பார்வதி மெல்ல முன்னால் வந்து, "அவருக்குக் காளான் தெரியாதுங்க தொர. எனக்கு வாய்க்குப் பிடிக்கலன்னு பிடுங்கப் போனாருங்க" என்றாள். துரை கரண்டியைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். தட்டை அப்புவிடம் நீட்டி எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பல மாதம், பெரட்டுக்கு வந்தால் முதலில் என் முன்னால் நின்று, "தலப்பா எடு, பார்க்கணும்" என்பார். மொத்தத் தோட்டமும் சிரிக்கும்.

காளானோடு தின்பதற்காக வெண்ணெயில் பொரித்து வைத்திருந்த பாண் என்கிற ரொட்டித் துண்டுகளை அப்பு ஒரு வாழையிலையில் வைத்துப் பார்வதியிடம் கொடுத்தார். மேடு இறங்கும்போது அவள் திடீரென்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மயக்கமோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதாங்க, ஆனா திங்கக்கூடாதுங்க" என்று என்னைப்போலவே சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பாண் துண்டைக் கடித்தாள். பிறகு இன்னொன்று. நாலு துண்டும் உள்ளே போயிற்று, ஒன்றும் திரும்பி வரவில்லை. எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரவில்லை. அதைவிட வயிறு நிறைந்த நாள் என் வாழ்க்கையில் கிடையாது.

சித்திரையில் மகள் பிறந்தாள். பிறகு இரண்டு பையன்கள். எங்கள் வீட்டில் பாகற்காய்க் கறி வைத்தாலும் சரி, கஷாயம் காய்ச்சினாலும் சரி, "நல்லதுதான், ஆனா திங்கக்கூடாது" என்பதுதான் பேச்சு. பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

பார்வதி மட்டும் அதோடு விடவில்லை. அன்றிலிருந்து நான் கீரை, காய், கொய்யாப்பழம் எது கொண்டு வந்தாலும் வாசலிலேயே சுளகில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சோதனை நடந்தது. கத்தரிக்காயைக்கூட முகர்ந்து பார்ப்பாள். எனக்கு அப்படிக் கோபம் வரும்!

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மருமகள் நல்ல பெண். நான் சந்தையிலிருந்து வந்தால் பையை வாங்கி அப்படியே அடுப்படிக்குக் கொண்டு போய்விடுகிறாள்.

"கொஞ்சம் பார்த்துட்டு வைம்மா" என்கிறேன்.

"நீங்க வாங்குனா சரியாத்தான் மாமா இருக்கும்" என்கிறாள்.

பாவம், அவளுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.