கும்பிடு டாக்டர்

டாக்டர் காலில் விழுந்த நோயாளிகளை ஊர்தோறும் பார்க்கலாம். நோயாளி காலில் விழுந்த டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். தேவிகுளம் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது அவர்தான் எங்கள் டாக்டர். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். தொழிலாளிகள் வைத்த பெயர் கும்பிடு டாக்டர்.

தலைவலி என்று வந்தாலும் குனிந்து பாதத்தில்தான் நாடி பார்ப்பார். "ரத்தம் கால்வரைக்கும் போய்ச் சேர்றதான்னு பார்க்கணுமாக்கும்" என்பார். ஆண்கள் பதறிப் பின்வாங்குவார்கள். கிழவிகள், "நல்லாரு ராசா" என்று அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, மருந்து வாங்காமலே போய்விடுவார்கள்.

ஒருநாள் தபால் சுமக்கும் மாசானம் வந்தான். வாலிபன், கெண்டைக்கால் உலக்கை மாதிரி இருக்கும். ஏற்றத்தில் கொஞ்சதூரம் போனால் இடதுகால் மரத்துவிடும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். நடிக்கிறான் என்று கங்காணி துரையிடம் கோள் மூட்டியதில், வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகிற நிலைமை.

டாக்டர் குனிந்தார். மாசானம் துள்ளினான்.

"ஐயோ சாமி, எங் காலத் தொடுதியளே! பாவம் எனக்குல்லா வரும்!"

"சித்த சும்மா இருடா! பாதத்தைக் கீழே அழுத்து."

அழுத்தினான். டாக்டர் முகம் மலர்ந்தது. "நாடி நின்னுடுத்து!"

"செத்துருவனா சாமி?"

"நீ இல்லடா, கங்காணிதான் செத்தான்! முட்டிக்குப் பின்னால தசை ஒண்ணு எடம் மாறி, நீ பாதத்தை அழுத்தறச்சே ரத்தக்குழாயை நெரிக்கறது."

துரை நம்பவில்லை. டாக்டர் விடுவாரா? மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும் துரையையே மாசானத்தின் காலடியில் உட்கார வைத்தார். ஆசீர்வாதம் பண்ணுவதா, ஓடுவதா என்று தெரியாமல் மாசானம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் பாதத்தை அழுத்தி அழுத்தி விட, துரையின் விரலடியில் நாடி நின்றது, வந்தது, மறுபடி நின்றது. "பொய் இல்லை" என்று துரை சேற்று முழங்காலோடு எழுந்தார். கங்காணியைக் காணோம்.

அப்படியே விட்டால் குழாய் அடைத்துக் கால் அழுகிவிடும் என்று டாக்டரே கத்தியை எடுத்தார். நான் குளோரோபார்ம் பிடித்தேன். முட்டிக்குப் பின்னால் கீறி, நெரித்த தசையை அறுத்துவிட்டார். தையல் போட்ட பிறகும் பாதம் ஜில்லென்றே இருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்தவர், காப்பிக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் என் விரலை இழுத்து அதன்மேல் வைத்தார். வெதுவெதுப்பாக, திடமாக நாடி துடித்தது. மாசானம் அரை மயக்கத்தில் கண் விழித்தான்.

"சாமி, இன்னுமா எங் காலப் புடிச்சுக்கிட்டு இருக்கிய? விடுங்க சாமி."

"விடமாட்டேன், போடா" என்று சொல்லிவிட்டு, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதார் டாக்டர்.

அந்த மனுஷரை எனக்கு அன்றுதான் ரொம்பப் பிடித்துப் போயிற்று.