மனதில் தோன்றுவதைச் சொல்லவும்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று நம்மவர் முடிவெடுத்தபோது அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. அதனால் முடிவு கொஞ்சம் நுரையோடுதான் வெளியே வந்தது. ஆனாலும் முடிவு முடிவுதான்.

நம்மவர் துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் டிசைனர். மெஷினை அவர் செய்வதில்லை. மெஷினின் நெற்றியில் இருக்கிறதே தொடுதிரை, அதில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், என்ன வார்த்தை, தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று வரைந்து கொடுப்பவர். ஒரு வருஷமாக ஒரு புதுத் திரையைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து வந்தார். பழைய மெஷின்களில் சுற்றிவர ஏகப்பட்ட பெயர்கள் எழுதியிருக்கும். எதை அமுக்கினால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்கே நிச்சயமாகத் தெரியாது. இவருடைய திரை மூன்றே கேள்வி கேட்கும். என்ன துணி, எவ்வளவு அழுக்கு, எப்போது வேண்டும். பிறகு பச்சையாக ஒரு 'தொடங்கு' பட்டன். வேலை முடிந்தது.

இதற்கு எதிரி ஒருவர் இருந்தார். பக்கத்து மேஜை டிசைனர். உலகத்தில் எல்லாவற்றுக்கும் திருகுகிற குமிழ்தான் லாயக்கு என்பது அவர் கட்சி. ஆபீசில் அவருக்குப் பெயரே குமிழ். திரையா, குமிழா என்று மேலாளர் மேடம் மறுநாள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு ஒரு சோதனையைப் பொறுத்தது. திரையை முன்பின் பார்த்திராத ஐந்து பேர், யாருடைய உதவியும் இல்லாமல் அதை இயக்கிக் காட்ட வேண்டும். நாலு பேர் வந்து காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று இன்று காலையில் செய்தி வந்துவிட்டது. ஐந்து பேர் ஆகாவிட்டால் சோதனை செல்லாது. தொழிற்சாலைக்குக் குமிழ் வைத்த மெஷின்தான் போகும்.

அப்போதுதான், நுரையும் பிரஷுமாக நின்றவர் கண்ணில் டீச்சர் பட்டார்.

டீச்சர் என்றால் அவருடைய மனைவி. ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பவர். வகுப்பு நடப்பது சமையலறையில், குக்கருக்கும் மிக்சிக்கும் நடுவில். வீட்டில் இன்னோர் அறை இல்லாமல் இல்லை. இருக்கிறது. அதில் நம்மவரின் பொக்கிஷங்கள் குடியிருந்தன. பழைய ரிமோட்டுகள், உயிர் போன போன்கள், கதவில்லாத ஒரு மைக்ரோவேவ், மைக்ரோவேவ் இல்லாத ஒரு கதவு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. இதற்கெல்லாம் சேர்த்து அவர் வைத்த பெயர் ஆராய்ச்சி. டீச்சர் அந்த அறையைக் கேட்கும்போதெல்லாம் "சனிக்கிழமை பார்க்கலாம்" என்பார். சனிக்கிழமைகள் வந்தன, போயின. அறை மட்டும் அசையவில்லை.

"ஒரு உதவி பண்ணு. நாளைக்கு எங்க ஆபீசுக்கு வா. ஆனா அங்க நீ யாரோ, நான் யாரோ."

"இங்கயும் அப்படித்தானே இருக்கு."

"விளையாடாத. அஞ்சாவது ஆளா உன் பேரைக் குடுக்கப் போறேன். இன்னிக்கே திரையை வரைஞ்சு காட்டிடறேன். எதை எதைத் தொடணும்னு மனப்பாடம் பண்ணிக்க. வந்து தடவிட்டுப் போயிட்டே இரு."

"இது காப்பி அடிக்கறது இல்லையா?"

"பயிற்சின்னு சொல்லு."

டீச்சர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு என்ன கிடைக்கும்?"

"கம்பெனி ஒரு குடை தரும்."

"அந்த ரூம்?"

"சனிக்கிழமை பார்க்கலாம்."

டீச்சர் சண்டைக்கு வரவில்லை. பத்து வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் அந்த இடத்தில் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"சரி. எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒதுக்கினது ரெண்டு மணி நேரம். நீ பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்."

"பத்து நிமிஷத்துல முடிச்சா சந்தேகம் வராதா?"

"அதுவும் சரிதான். கொஞ்சம் இழு."

"நடுவுல நீங்க எழுந்து வெளிய போவீங்களா?"

"போகவே கூடாது. போனைக்கூட அணைச்சு வெச்சிடணும்."

"நான் ஏதாவது பேசினா?"

"பேசணும். அதான் முறையே. மனசுல தோணுறதைத் தோணுறபடியே வாய்விட்டுச் சொல்லிட்டே தொடணும். அப்பதான் மக்கள் என்ன நினைக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். மறுத்துப் பேச மாட்டேன். விளக்கம் சொல்ல மாட்டேன். முகத்தைக்கூட சுளிக்கக் கூடாது."

"நான் என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் பெருமையாக இன்னொரு தடவை சொன்னார். தன் தொழிலைப் பற்றி மனைவி இவ்வளவு அக்கறையாகக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. அன்று சாப்பாட்டு மேஜையில் திரையை வரைந்து, டீச்சரை நாலு தடவை தொட வைத்து, நாலு தடவையும் 'சபாஷ்' போட்டார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி, சோதனை அறை. நடுவில் மாதிரி மெஷின், அதன் நெற்றியில் நம்மவரின் திரை. எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் மேடமும் குமிழும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கேட்பார்கள். மேடம் பேசினால் நம்மவரின் காதிலிருக்கும் இயர்போனில் மட்டும் விழும்.

"வணக்கம் மேடம். உட்காருங்க. நீங்க எங்க திரையை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்றார் நம்மவர். கல்யாணம் ஆகி முதல் தடவையாக மனைவியை 'நீங்க' என்றதில் நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"இல்லீங்க சார். முதல் தடவை," என்றார் டீச்சர். குரலில் அத்தனை வெகுளித்தனம். நம்மவருக்கே ஒரு நிமிஷம் இது யாரோ என்று தோன்றியது.

"ஒரு சட்டை இருக்கு. காலர்ல அழுக்கு. சாயங்காலத்துக்குள்ள வேணும். மனசுல தோணுறதைச் சொல்லிட்டே மெஷினைப் போடுங்க. தப்புன்னு எதுவும் கிடையாது."

டீச்சர் திரையைப் பார்த்தார். 'என்ன துணி' என்ற கேள்வி மின்னியது.

"சட்டையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வருது சார்."

"ம்," என்றார் நம்மவர்.

"மெஷினைப் பத்தி மணிக்கணக்கா பேசுவார். மெஷின்ல ஒரு துணி போட்டதில்லை."

இயர்போனில் மேடம் சிரிப்பது கேட்டது. "அருமையா பேசறாங்க. விட்டுடாதீங்க. வீட்டைப் பத்தி இன்னும் கேளுங்க."

நம்மவர் சொன்னபடி செய்தார். "தொடர்ந்து சொல்லுங்க மேடம்."

டீச்சர் தொடர்ந்தார். வஞ்சனை இல்லாமல் தொடர்ந்தார். 'பருத்தி'யைத் தொட்டுவிட்டு அலமாரியைப் பற்றிச் சொன்னார். 'அதிக அழுக்கு' என்பதைத் தொடுவதற்கு முன், தன் வீட்டுக்காரர் ஈரத் துண்டை எங்கெங்கே போடுவார் என்று இடவாரியாக விளக்கினார். நம்மவர் காது சிவந்தது. மறுத்துப் பேச ஆயிரம் இருந்தது. பேச முடியாது. முகத்தைச் சுளிக்கவும் முடியாது. அசையாமல் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு சந்தேகம் சார். மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் தரையில ஒரு சாக்ஸ் கிடக்கறது தெரியும். எங்க வீட்டுல தினமும் கிடக்கும். அதை உள்ள போட பட்டன் எங்க?"

நம்மவர் திரையை மேலும் கீழும் தேடினார். வரைந்து காட்டியபோது இதை டீச்சர் கேட்கவே இல்லையே. பட்டன் இல்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து வரைந்தவருக்குத் தோன்றவே இல்லை.

"பாருங்க, இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்," என்றது இயர்போன். "இந்த அம்மா ஒரு புதையல்."

பின்னால் குமிழ் கனைப்பதும் கேட்டது.

ஒருவழியாக மூன்று கேள்விகளும் முடிந்து, பச்சைப் பட்டன் வந்து நின்றது. டீச்சர் விரலை நீட்டினார். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. டீச்சர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மனசு வரல சார்."

"ஏன்... ஏன் மேடம்?"

"'தொடங்கு'ன்னு போட்டிருக்கு. நம்பிக்கை வரமாட்டேங்குது. எங்க வீட்டுல சொன்ன எதுவும் தொடங்கினது இல்லை. நான் கணக்கு டீச்சர். அடுப்படியில நின்னு பின்னம் சொல்லித் தரேன். ஒரு பையன் கேட்கறான், 'மிஸ், விடை மூணு விசிலா?'ன்னு. வீட்டுல ஒரு ரூம் இருக்கு. முழுக்க ஒண்ணுக்கும் உதவாத சாமான். கேட்டா சனிக்கிழமைம்பார்."

பட்டனை அழுத்தாமல் எழுந்துவிட்டால் ஐந்தாவது ஆள் தோல்வி. ஒரு வருஷ உழைப்பு அந்த விரலின் நுனியில் தொங்கியது. சோதனை நடத்துபவர் கேட்கலாம் என்று விதி அனுமதித்த கேள்விகளில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டார்.

"நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?"

"ஒரே ஒரு வார்த்தை சார். 'அந்த ரூமை எடுத்துக்க'ன்னு என் வீட்டுக்காரர் வாயால வந்துட்டா, மனசு லேசாகி விரல் தானா போய் அழுத்திடும்."

"ஐயோ பாவம்," என்றது இயர்போன். மேடத்தின் குரல் கரகரத்திருந்தது. "நீங்களே வீட்டுக்காரரா நடிச்சு அதைச் சொல்லிடுங்க. நல்லா உணர்ச்சியா சொல்லுங்க."

நம்மவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது. பார்க்கும்படியாக இல்லை. ஆனால் அந்த நேரத்திலும் மூளை ஒரு மூலையில் வேலை செய்தது. நடிப்புதானே, நடிப்பில் சொன்னதற்கு யார் கட்டுப்படுவார்கள், வீட்டுக்குப் போனதும் மறுத்துவிடலாம் என்றது மூளை. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அந்த ரூமை எடுத்துக்கம்மா," என்றார், குரல் தழுதழுக்க.

"முழுசாவா?"

"முழுசா."

"எல்லாத்தையும் அகற்றிடலாமா?"

"தாராளமா."

டீச்சர் மறுபடி ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை ஒற்றிக்கொண்டார். எந்தத் துணி எப்படிக் காய வேண்டும் என்று நிதானமாக நாலு வார்த்தை பேசினார். கடைசியில் பச்சைப் பட்டனை அழுத்தினார். மெஷின் 'நன்றி' என்றது.

மேடம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். திரைதான் என்று முடிவாகிவிட்டது. சாக்ஸுக்கு ஒரு பட்டன் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். குமிழ் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். டீச்சருக்குக் குடை கிடைத்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது நம்மவர் காற்றில் மிதந்தார். திரையும் ஜெயித்தது, அறையும் கைவிட்டுப் போகவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த மாதிரி இருந்தது.

"அங்க சொன்னதெல்லாம் நடிப்பு. நீ பாட்டுக்கு மனசுல வெச்சுக்காத," என்றார்.

"தெரியும்ங்க. அதையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்கவே இல்லை," என்றார் டீச்சர். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நம்மவருக்கு லேசாக மனசு உறுத்தியது. எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டீச்சரின் தம்பி ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான். எந்தச் சுவர் என்று நம்மவருக்கு முதலில் புரியவில்லை. அந்த அறைக்குச் சுவர் உண்டு என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. தரை பளபளத்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜை மேல் டீச்சரின் லேப்டாப். ஒரு ரிமோட்டின் மூடிகூட மிச்சமில்லை.

"வாங்க மாமா," என்றான் மைத்துனன். அவன் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்ப்பவன். "எல்லாத்தையும் எங்க நிலையத்துல கொண்டுபோய் இறக்கியாச்சு. பசங்க இப்பவே பிரிச்சுப் போட்டு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க."

நம்மவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எப்ப எடுத்தீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் கிளம்பின உடனேயே."

"அப்பவேவா? நான் அங்க 'எடுத்துக்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே?" மனைவி பக்கம் திரும்பினார். "அப்புறம் எதுக்குடி என்னை அங்க உட்கார வெச்சு அந்தக் கெஞ்சு கெஞ்சின?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"வண்டி ரெண்டாவது நடை அடிச்சு முடிக்க நாலு மணி ஆகும்னு தம்பி சொன்னான். அதுவரைக்கும் நான் எதையாவது பேசிட்டு இருக்க வேண்டாமா?"