தலைமையா, பிரதமனா?

"உப்பு போட்டாச்சா?"

சமையல் கொட்டகையின் நடுவில் நின்று நாகேஸ்வரன் குரல் கொடுத்தார். யாரைக் கேட்டார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே மூன்று பேர் ஓடிவந்து சாம்பார் அண்டாவில் உப்பு போட்டார்கள்.

ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்கு எலெக்ட்ரிக் விளக்கு வந்த வருஷம் அது. வக்கீலாத்துக் கல்யாணம். பன்னிரண்டு வருஷமாக நாகேஸ்வரனுக்கு அந்தச் சமையல் கூட்டத்தில் ஒரே வேலை, அரிசி அடையும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அடைப்பிரதமன் பாயசம். பக்கத்து அடுப்பிலிருந்து கொட்டகையே பற்றிக்கொண்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். இப்போது தலைவர் வெங்கடசுப்ரமணியன், எல்லோருக்கும் 'பெரியவர்', முழங்கால் வலியென்று உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நீதான்டா தலைமை" என்றார் பெரியவர். "இந்தக் கல்யாணத்தை நடத்திப் பாரு. சரிப்பட்டா இரு. இல்லேன்னா பழைய அடுப்புக்கே போயிடு. கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் எனக்குப் பதில் சொல்லணும்."

பாவம், நாகேஸ்வரனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. மனைவி சாவித்ரியிடம் யோசனை கேட்டார்.

"நம்மாத்துப் பூனைகூட நீங்க சொன்னாக் கேக்காது. பன்னெண்டு பேரை மேய்க்கப் போறேளாக்கும்?"

"அப்ப வேண்டாங்கறயா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? உங்களுக்கு என்ன வரும்னு உங்களுக்கன்னா தெரியணும்!"

அதுதானே தெரியவில்லை!

மூன்று பேர் உப்புப் போட்ட சாம்பாரை நாக்கில் விட்டுப் பார்த்தவருக்கு முகம் கோணிற்று. "ஐயோ, ஜலம் விடுங்கோ!"

நாலு பேர் நாலு குடம் விட்டார்கள். சாம்பாரில் முகம் தெரிந்தது.

"பருப்பைச் சேருங்கோ!"

இலையில் முதலில் பரிமாற எடுத்துவைத்திருந்த பருப்பு முழுவதும் அண்டாவுக்குள் போயிற்று. பந்தியில் சம்பந்திகள் உட்கார்ந்தார்கள். சாதம் வந்தது, நெய் வந்தது.

"பருப்பு எங்கே ஓய்?" என்றார் சம்பந்தி மாமா.

"சாம்பாரிலே இருக்கு, மாமா" என்றான் பரிமாறுகிறவன்.

நாகேஸ்வரன் பந்திக்கு ஓடிவந்தார். "யாராவது சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப் பருப்பு வாங்கிண்டு வாங்கோ!"

பரிமாறுகிற எட்டுப் பேரும் ஓடினார்கள். பெண்ணைப் பெற்ற வக்கீல், பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு தாமே அவியல் வாளியைத் தூக்கினார். போகிறபோக்கில் நாகேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தார். ஜட்ஜுகூட யாரையும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

இவ்வளவு அமளியிலும் நாகேஸ்வரனைக் காப்பாற்றியது பிரதமன்தான். காலையில் வெல்லத்தைத் தன் கையாலேயே போட்டுக் கரைத்திருந்தார். வழக்கம்போலக் கிளறும் வேலை கையாள் சாம்பசிவனுக்கு. தேங்காய்ப்பால் விட்டதும் ஓடிவந்து ஒரு சொட்டு ருசி பார்த்து, "அமிர்தம்!" என்றுவிட்டு மறுபடி சாம்பாரோடு மல்லுக்கட்டப் போய்விட்டார்.

சம்பந்தி மாமா மூன்றாவது தடவையும் பிரதமன் வாங்கிக்கொண்டார். "பருப்புக் குத்தம் தீர்ந்தது ஓய்! இந்தக் கை யாருக்கு வரும்?"

நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கிற்று. மூன்று நாள் குழப்பம் அந்த நிமிஷம் தெளிந்தது. நேரே உருளி கழுவிக்கொண்டிருந்த சாம்பசிவனிடம் போனார்.

"சாம்பசிவா, என்னை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆளை மேய்க்க எனக்கு வராது. பிரதமன்தான் வரும். ஆயுசு முழுக்க இந்த அடுப்புதான்னு பெரியவர்கிட்டே சொல்லிட்டு வந்துடறேன்."

சாம்பசிவன் பதறி எழுந்தான்.

"அண்ணா, அப்படிப் பண்ணிடாதேங்கோ! பன்னெண்டு வருஷமா நீங்க ருசி பார்த்துட்டு அந்தண்டை நகர்ந்தப்புறம் இன்னொரு பங்கு வெல்லம் போட்டுண்டு வரேன். இனிமேலாவது அந்த அடுப்பு தப்பிக்கட்டும்னுதானே பெரியவர் உங்களுக்குத் தலைமையே குடுத்தார்!"