டொக்டொக் அங்கிள் எடை போட்ட பாஞ்சோ

மெல்பனில் பொருள்கள் இரண்டே வகை: டொக்டொக் அங்கிள் தட்டிப் பார்த்தவை, இனித் தட்டிப் பார்க்கப் போகிறவை. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு டைல் ஒட்டியவர். சரியாக ஒட்டாத டைலை விரல் முட்டியால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் ஸ்பிரிங்வேல் கடைத் தர்பூசணி, எங்கள் ஃபிரிட்ஜ், கோவில் உண்டியல் என்று பரவிவிட்டது. ஒருமுறை என் கணவரின் சைக்கிள் ஹெல்மெட்டைத் தட்டி, நல்ல சாமான் என்றார். கணவர் அப்போது அதை அணிந்திருந்தார்.

ஒரு வெள்ளைக்காரரின் குளியலறைக்கு டைல் ஒட்டப் போனவர், அந்த மனிதர் பாஞ்சோ என்னும் தோல் போர்த்திய கம்பி வாத்தியத்தில் வாசித்த புளூகிராஸ் என்னும் அமெரிக்க மலைநாட்டு இசையில் மயங்கி, மூன்று நாள் வேலையை மூன்று வாரம் இழுத்தாராம். இன்று அவரிடமே நான்கு பாஞ்சோக்கள். அதனால்தான் அவரிடம் போனேன்.

என் மகள் கிளேட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கார் விபத்து. எலும்புகள் சேர்ந்தன, பழைய பேச்சு திரும்பவில்லை. ஐந்து மாதம் அறைக்குள்ளேயே கிடந்தாள். என்ன கேட்டாலும் ‘ஃபைன்’ என்று ஒரே பதில். ஒருநாள் அவளாகவே வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள்.

“அம்மா, ஐ வான்ட் டு லேர்ன் திஸ்.”

பாஞ்சோ. தப்பானதை வாங்கிக் கொடுத்து, அவள் வெறுத்துப்போய் மறுபடி அறைக்குள் முடங்கிவிட்டால்?

வாத்தியக் கடைக்கு அங்கிள் கொண்டுவந்தது, ஊருக்குப் போகும்போது நாமெல்லாம் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு. ஒவ்வொரு பாஞ்சோவையும் அதில் தொங்கவிட்டார். தோலுக்கு அடியில் கனமான வெண்கல வளையம் இருந்தால்தான் மணிபோல ஒலிக்குமாம். இருக்கிறதா என்பதை எடை சொல்லிவிடுமாம். பதறி ஓடிவந்த கடைக்காரப் பெண்ணிடம், ஏழு கிலோவுக்குள்தான், விமானத்தில் கைப்பெட்டியாகவே கொண்டுபோகலாம் என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார்.

பழைய முறைப்படி கன்றுத்தோல் போர்த்திய ஒன்று இருந்தது. நாங்கள் சைவம் என்று தயங்கினேன்.

“மிருதங்கம் என்ன வெண்டிக்காயிலயோ செய்யினம், தங்கச்சி?”

ஆனாலும் மெல்பன் வானிலைக்குத் தோல் தளர்ந்துவிடும் என்று பிளாஸ்டிக் போர்த்தியதையே எடுத்தார். ஐந்து கம்பி. பின்பக்கம் மரத்தட்டால் மூடியது; அந்தத் தட்டுதான் ஓசையை முன்னால் தள்ளும். ஒரு கம்பியைச் சுண்டினார். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கோ பின்பக்கம் திறந்த, மெத்தென்று ஒலித்த வேறொன்றில்தான் கண்.

“இது ரொம்ப சத்தமா இருக்கு அங்கிள். பக்கத்து வீட்டுல ஏதாவது சொல்லுவாங்க. மெதுவா கேக்குறதா பாருங்களேன்.”

அவர் தராசைக் கீழே வைத்தார்.

“பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறா எண்டுதானே இவ்வளவு நாளும் அழுதனீங்கள்? பிறகேன் தங்கச்சி சத்தமில்லாத சாமானைத் தேடுறீங்கள்?”

கடை நடுவிலேயே அழுதுவிட்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாத அங்கிள், பக்கத்தில் இருந்த பியானோவைத் தட்டிப் பார்த்தார்.

சத்தமானதையே வாங்கினோம். இரண்டு மாதமாக ஒரே பாட்டு. ஒரே இடத்தில் தடுமாறுகிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, வேறு பாட்டு எதுவும் தெரியாதா என்று கேட்டார். அவள் எழுந்து போய் அவரோடு பத்து நிமிடம் வாதாடினாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் அங்கிள் அவள் வாசிப்பைக் கேட்க வருகிறார். தேத்தண்ணி மட்டும் போதும் என்பார். நான் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்.